ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்

மாப்ள,

வார்டில் இருக்கும் பாதரச ரத்த அழுத்தக் கருவிகளை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டுக் கட்டிவைக்கச் சொல்லி இன்று காலை உத்தரவு வந்தது. பாதரசம் ஆகாதாம். இனி எல்லாமே பேட்டரி போட்டதுதான். என் பங்குக்கு என் பழைய கருவியைத் தேடினேன். பிசியோதெரபி அறை அலமாரியின் அடித்தட்டில், ஊன்றுகோல்களுக்குப் பின்னால் கிடந்தது. மூடியைத் திறந்ததும் பழைய ரப்பர் வாசனை வந்தது. கூடவே நான்காக மடித்த ஒரு ரிப்போர்ட் சீட்டும் மடியில் விழுந்தது.

உன்னுடைய ரிப்போர்ட்தான். முன்பக்கம் உன் ரத்தத்தின் அளவுகள், கம்ப்யூட்டரில் அச்சடித்தவை. பின்பக்கம் உன் கையெழுத்தில், பென்சிலால், ஒரே ஒரு எண்: 112. அது உன் ரத்தத்தில் இருந்த எதன் அளவும் இல்லை. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடமாக அந்தப் பெட்டியைத் தொடாமலே சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் உன்னை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தொண்ணூறுகளின் நடுவில் பேரையூரிலிருந்து வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இங்கே இருந்த ஒரே பிசியோதெரபிஸ்ட் நான்தான். கை கால் பிடித்துவிட வந்தவன் என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். ஆபரேஷன் ஆனவர்களையும் நெஞ்சுவலியில் பிழைத்தவர்களையும் சீக்கிரம் உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைப்பது ஒரு வைத்தியம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் எனக்குக் குரல் எப்போதும் ஒரு கட்டை மேலேயே இருந்தது. நீயோ கீழ்த்தளத்து லேபில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, ரத்த அணுக்களை உங்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷையில் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருப்பாய். மற்ற நேரமெல்லாம் தமிழ் பேசுகிறவன் எண்ணும்போது மட்டும் ஏன் அந்தப் பக்கம் போய்விடுகிறான் என்று நான் கேலி செய்ததுண்டு. தமிழில் எண்ணினால் தப்பிவிடும் என்றாய்.

எனக்கு எரிச்சல் மூட்டியது உன் பென்சில். ஒவ்வொரு ரிப்போர்ட் சீட்டிலும் இன்றைய அளவைப் பேனாவில் எழுதி, ஓரத்தில் அதே நோயாளியின் முந்தைய அளவைப் பென்சிலில் பொடியாக எழுதி அனுப்புவாய். யாரும் கேட்கவில்லை, நீயாகச் செய்தது. என் சட்டைப்பையிலோ ஒரு அட்டை இருந்தது. ஒருவரை எழுப்பி நடக்க வைப்பதற்கு முன் என்னென்ன பார்க்கவேண்டும் என்று நானே எழுதிவைத்தது. ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே என்றால் படுக்கை, எட்டுக்கு மேலே என்றால் நடை. பொட்டாசியத்துக்கு ஒரு எல்லை, தட்டணுக்களுக்கு ஒரு எல்லை. சிம்மக்கல் சிக்னல் மாதிரி, பச்சை எரிந்தால் போகவேண்டியதுதான். இதில் நேற்றைய எண்ணுக்கு என்ன வேலை? லேபில் இருக்கிறவன் வார்டில் இருக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறான் என்றே எனக்குத் தோன்றியது. நேராக உங்கள் லேப் டாக்டரிடம் போய்ப் புகார் சொன்னேன். ரிசல்ட்டைத் தவிர வேறு எதுவும் எழுதக்கூடாது என்று அவர் உனக்குச் சொல்லிவிட்டார். நீ சண்டைக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து சீட்டின் ஓரம் வெறுமையாக வந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே கப்பலூர்க்காரர் ஒருவர் வந்தார். லேத் பட்டறையில் வேலை, முப்பது வயது இருக்கும். மொபெட்டிலிருந்து விழுந்ததில் இடது பக்கம் இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. அப்படியே படுத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், மூன்றாம் நாள் எழுப்பி நடக்க வையுங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். நம் வார்டில் அப்போது சீட்டு ஒட்டுகிற லட்சணம் உனக்குத் தெரியும். மைதாப் பசையை அள்ளிப் பூசி, பழைய சீட்டின் மேலேயே புதிய சீட்டை அப்பிவிடுவார்கள். அடியில் இருந்ததைப் பார்க்கவேண்டும் என்றால் கிழித்துத்தான் பார்க்கவேண்டும். மேலே இருந்த சீட்டில் ஹீமோகுளோபின் பத்து. பச்சை விளக்கு. பல்ஸ் நூற்றுப் பத்து ஓடியது, வலியில் ஓடுகிறது என்று விட்டுவிட்டேன். இடது தோளும் வலிக்கிறது என்றார், விழுந்த அடி என்று அதையும் விட்டுவிட்டேன். படுத்திருக்கும்போது பார்த்த ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. உட்கார வைத்து மறுபடி பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

சுவர் ஓரமாக நாலைந்து அடி நடந்திருப்பார். வார்டு வாசலில் மூச்சிரைக்க நீ வந்து நின்றாய். லேபை விட்டு நீ மாடியேறி வந்ததை அதுவரை யாருமே பார்த்ததில்லை. கையில் உன் லேப் நோட்டு இருந்தது.

"அவரை உக்கார வையிங்க. முந்தாநாள் பதிமூணு, இன்னைக்குப் பத்து" என்றாய்.

ஏதோ சுருக்கென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கைக்குள் இருந்த அவர் கை சில்லென்று வியர்த்துப்போனது. "அண்ணே, கண்ணு இருட்டுதுண்ணே" என்றார். நீ நோட்டைத் தரையில் போட்டுவிட்டு மறுபக்கம் பிடித்தாய். இரண்டு பேருமாக அவரைத் தரையிலேயே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தோம். இந்தப் பெட்டிக் கருவியைத்தான் கட்டிப் பார்த்தேன். பாதரசம் எண்பதுக்கு இறங்கும்வரை ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு சத்தமும் கேட்கவில்லை, அழுத்தம் அவ்வளவு விழுந்திருந்தது. விழுந்த அடியில் மண்ணீரல் கீறி, இரண்டு நாளாக உள்ளே மெல்ல ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தோள்வலியும் ஓடிய பல்ஸும் அதனால்தான். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன். பிழைத்துவிட்டார். பத்து நாள் கழித்து அதே சுவர் ஓரமாக அவரை நான் நடக்க வைத்தேன், ஒவ்வொரு அடிக்கும் பயந்து பயந்து.

அவர் பிழைத்தது எனக்கு நிம்மதி. ஆனால் வெட்கம் போகவில்லை. அந்தப் பென்சில் எண்ணை நான்தான் நிறுத்தவைத்தேன். இருந்திருந்தால் பதிமூன்றும் பத்தும் பக்கத்துப் பக்கத்தில் என் கண்ணில் பட்டிருக்கும். எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டதால் நீ நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டியதாயிற்று. அந்தப் படிகளில் நீ ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் என்று இன்றைக்கும் சில சமயம் நினைக்கிறேன்.

மறுநாள் இரண்டு டீ வாங்கிக்கொண்டு லேபுக்கு வந்தேன். நீ எண்ணிக்கொண்டிருந்தாய். நடுவில் பேசினால் விட்டுப்போகும் என்று நின்றேன். டீயில் ஆடை படிந்துவிட்டது. எண்ணி முடித்து நீ நிமிர்ந்ததும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். நீ ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, உங்கள் அப்பா மகால் அரண்மனைக்குப் பின்னால் நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர் என்பதைச் சொன்னாய். நேற்று தோய்த்த நூலில் ஒரு துண்டைக் கொடியில் கட்டிவைத்திருப்பாராம். இன்றைய நூல் காய்ந்ததும் அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கட்டு கட்ட விடுவாராம்.

"ஒத்த நூலைப் பாத்துச் சாயம் கூடுச்சா குறைஞ்சுச்சான்னு சொல்ல முடியாது மாப்ள. நேத்து நூலும் பக்கத்துல இருக்கணும்" என்றாய்.

நீ என்னை மாப்ள என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அன்று மதியமே நான் லேப் டாக்டரைப் பார்த்து என் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நமக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. நீ ஓரத்தில் நேற்றைய எண்ணை எழுதுவாய். நான் அதே சீட்டின் பின்பக்கம் மூன்று பல்ஸ் எழுதுவேன்: படுத்திருக்கும்போது, உட்கார்ந்தபோது, நின்றபோது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் நடக்கலாம். ஒரேயடியாக எகிறினால் திரும்பப் படுக்கை. சீட்டு ஒட்டுகிற ஆயாவிடம் கெஞ்சிக் கூத்தாடி மேல் விளிம்பில் மட்டும் பசை தடவச் சொன்னேன். அதற்கப்புறம் ஓடு வேய்ந்தது போல ஒவ்வொரு சீட்டையும் தூக்கி அடுத்ததைப் பார்க்க முடிந்தது. நல்லவேளை, என் சட்டைப்பை அட்டை வண்ணானிடம் போய்க் கூழாகி வந்தது. நான் வேறு எழுதிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் களையெடுக்கிற அந்த அம்மாவை நினைவிருக்கிறதா? நிமோனியாவோடு வந்து, காய்ச்சல் விட்ட பிறகும் ஹீமோகுளோபின் 6.9 என்று ஆளை அசைக்க எல்லோரும் பயந்தார்கள். உன் பென்சில் மட்டும் வேறு கதை சொன்னது. ஆறு மாதம் முன்பு 6.8, அதற்கு முன்பு 7. அந்த ரத்தத்தோடுதான் அந்த அம்மா பருத்திக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்திருக்கிறார். சோகைக்கு மருந்து ஒரு பக்கம் தொடரட்டும், மெதுவாக எழுப்பலாம் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். மூன்று பல்ஸும் பார்த்து, உட்கார வைத்து, நிற்க வைத்து, ஜன்னல் வரைக்கும் கூட்டிப்போனேன். "இம்புட்டு நாளா என்னை எதுக்குப்பா கட்டிப்போட்டீக" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. லேபில் வந்து சொன்னபோது நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். குறையும் எண்ணும் குறைவான எண்ணும் ஒன்றில்லை என்று எனக்கு விளங்கினது அந்த அம்மாவால்தான்.

பிறகு உன் சிறுநீரகம் கைவிட ஆரம்பித்தது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், மற்ற நாளெல்லாம் லேப். இரண்டு வருடம் அப்படி ஓட்டினாய். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே வந்துவிட்டாய். ஒன்பது நாள். மூச்சு சீரானது, காய்ச்சல் இறங்கியது, ஆனால் நீ எழுந்திருக்க மறுத்தாய். தொடைச் சதை என் கண் முன்னால் வற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் ரிப்போர்ட்டெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. குறைவாக இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வரும். உன் ஹீமோகுளோபின் 7.1, நட்சத்திரத்தோடு. எட்டைத் தாண்டட்டும் என்றார் டியூட்டி டாக்டர். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய்.

"ஏழு புள்ளி ஒண்ணு மாப்ள. என்னை விட்ரு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எனக்கு இந்த வித்தையைக் காட்டியவனே நட்சத்திரத்தைப் பார்த்துப் பயப்படுகிறான். உன் மனைவி என்னை வெளியே கூப்பிட்டு, "அண்ணே, வீடு மாடியில. பதினெட்டுப் படி, ரெண்டு ஆள் சேந்து போக முடியாது. இவரா நடந்தாத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகமுடியும்" என்றது. அந்தக் குறுகல் படியில் நான் எத்தனை தடவை ஏறியிருக்கிறேன். தூக்கிக்கொண்டு ஏற வழியே இல்லை. அந்தப் பதினெட்டுப் படிகள்தான் நமக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் நின்றன.

நான் லேபுக்கு இறங்கினேன். உன் நாற்காலி காலியாக இருந்தது. அலமாரியில் உன் பழைய நோட்டுகளை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேடினேன். உன் ரத்தத்தை நீயே பரிசோதித்து, உன் பெயரையும் எழுதி, மற்றவர்களுக்குச் செய்தது போலவே பென்சிலில் முந்தையதையும் எழுதியிருந்தாய். 7.4. 7.0. 7.3. 7.2. இரண்டு வருடமும் அதே ஏழு. உன்னுடைய சிறுநீரக டாக்டரிடம் நோட்டோடு போனேன். டயாலிசிஸ் முடிந்த மறுநாள், பொட்டாசியம் சரியாக இருந்தால், காய்ச்சல் இல்லாமல் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள் என்றார். மறுநாள் காலைச் சீட்டில் எல்லாம் பொருந்தி வந்தது. அதன் ஓரத்தில் அந்த நான்கு எண்களையும் பென்சிலால் எழுதி உன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

நீ கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாய்.

"பென்சிலைச் சீவிட்டு எழுதக் கூடாதா" என்றாய் முதலில். அப்புறம், "இந்த ஏழோடதான் ரெண்டு வருஷமா அந்தப் படி ஏறி எறங்குனேனா" என்றாய்.

அவ்வளவுதான். கையை நீட்டினாய், பிடித்தேன். படுத்தபோது பல்ஸ் 92, உட்கார்ந்தபோது 98, நின்றபோது 108. கால் வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் நின்றாய். முதல் நாள் ஒரு நிமிடம். அடுத்த தடவை நான்கு அடி. டயாலிசிஸ் நாளில் ஓய்வு. மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரிப் படியில் பழகினோம், ஒவ்வொரு படியையும் உன் பாஷையில் எண்ணிக்கொண்டே ஏறினாய். வீட்டுக்குப் போன அன்று உன் மனைவி முன்னால், நான் பின்னால், நடுவில் நீ. ஆறாவது படியில் ஒரு ஓய்வு, பன்னிரண்டில் ஒரு ஓய்வு. பதினெட்டு ஏறி முடித்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு போதும், நான் இந்த வேலைக்கு வந்ததற்கு. அதன்பிறகு நான்கு வருடம் இருந்தாய். லேபுக்கு வந்தாய். குடும்பத்தோடு அழகர்கோவில் போய்வந்து எனக்குத் தோசைப் பிரசாதம் கொண்டுவந்தாய், அதையும் பாதி நீயே தின்றுவிட்டு.

போன வருடம் நீ மறுபடி படுத்தபோது இதயமே களைத்துப்போயிருந்தது. நான் தினமும் சீட்டைத் தூக்கித் தூக்கி நேற்றையதைப் பார்த்தேன். ஏறவேண்டியது இறங்கியது, இறங்கவேண்டியது ஏறியது. வாசிக்கக் கற்றுக்கொண்டவனால் வாசிக்காமல் இருக்க முடியவில்லை. உன்னை எழுந்திரு என்று நான் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பார்வையாளர் நேரம், சுற்றிலும் ஒரே பேச்சுச் சத்தம். நீ திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாய். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் யாருக்கும் பல்ஸ் பார்க்காதவன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முணுமுணுவென்று உன் பாஷையில் எண்ண ஆரம்பித்தாய். நடுவில் பேசினால் விட்டுப்போகும் என்று நானும் பேசாமல் நின்றேன்.

"நூத்திப் பன்னெண்டு. நீ மொதல்ல உக்காரு மாப்ள" என்றாய்.

உட்கார்ந்தேன். என் சட்டைப்பையிலிருந்து பென்சிலை நீயே எடுத்து, உன் ரிப்போர்ட்டின் பின்பக்கம் அதை எழுதினாய். "ஒத்த நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு நாள் பாத்துப் பக்கத்துல எழுதிக்க" என்று என் கையில் கொடுத்தாய். நான் அதை மடித்துக் கருவிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். இரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய். நீ சொன்ன அந்த இன்னொரு நாளை நான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

இன்று காலை பெட்டியைக் கட்டக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனேன். ஏழாம் நம்பர் கட்டிலில் ஒருவர் இருந்தார். வயிற்று ஆபரேஷன் ஆகி நான்கு நாள். ரிப்போர்ட்டில் நட்சத்திரம் இருந்தது, யாரும் அவரை எழுப்பவில்லை. நர்ஸிடம் கேட்டு ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்ததையும் நேற்றையதையும் வாங்கி ஓரத்தில் எழுதினேன். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். டாக்டரிடம் காட்டினேன், தலையசைத்தார். பல்ஸும் பிரஷரும் பார்த்துப் பார்த்து எழுப்பினேன். மதியத்துக்குள் அவர் வார்டு வாசல் வரை நடந்து, தன் மனைவியைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வந்தார். நீ மூச்சிரைக்க வந்து நின்றாயே, அதே வாசல்.

அப்புறம் என் அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். என் மணிக்கட்டை நானே பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணினேன். எழுபத்தாறு. உன் சீட்டை மேஜையில் விரித்து, நீ எழுதின 112-க்குப் பக்கத்தில் 76 என்று எழுதினேன். பென்சிலைச் சீவிவிட்டுத்தான் எழுதினேன், மாப்ள.